நான்காவது அட்டை: 589 ரூபாயால் சரிந்த ஒரு கடன் மதிப்பெண்

சென்னையில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் 2021 முதல் தன் பெயரில் நல்ல கடன் வரலாற்றை எப்படிக் கட்டினார், அது எங்கே இடிந்தது, பிறகு எப்படி நிமிர்ந்தது என்பதன் பதிவு இது. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயர், ஊர், வங்கிகளின் பெயர் ஆகியவற்றை விட்டிருக்கிறேன். தேதிகளும் தொகைகளும் அவர் காட்டிய பில்களிலிருந்தும் கடன் அறிக்கைகளிலிருந்தும் எடுத்தவை.

நான் வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதி நூலகத்தில் உட்கார்ந்து, வங்கி விவகாரங்களில் குழம்பி வருபவர்களுக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். இந்தப் பெண் தொடக்கத்திலிருந்தே என் பேச்சைக் கேட்டு நடந்தவர். ஆகவே இதில் நடந்த தவறுகளில் எனக்கும் பங்குண்டு. அதையும் உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

சேலம் மாவட்டத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் குடும்பம். அப்பா, அம்மா, இவர், ஒரு தம்பி. 2019 இறுதியில் பாட்டியின் மருத்துவச் செலவும் தறி பழுதும் ஒன்றாக வந்தபோது, அப்பா உள்ளூரில் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். மூன்று வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். மாதாமாதம் 9,000 ரூபாய் வட்டி கட்டினார்கள், அசல் அசையவில்லை. 2024 ஜூன் வரை 54 மாதங்களில் 4,86,000 ரூபாய் வட்டியாக மட்டும் போயிருந்தது.

2021 ஜூலையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இவருக்கு வேலை கிடைத்தது. கைக்கு வரும் சம்பளம் 26,000 ரூபாய். அப்போதே அவர் மனத்தில் இருந்த ஒரே கணக்கு, வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி அப்பாவின் கடனை முழுதாக அடைத்துவிட வேண்டும் என்பது. சம்பளக் கணக்கு இருந்த வங்கியில் கேட்டார். கடன் வரலாறு எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் அவருடைய மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று இருந்தது. மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை போகும். -1 என்பது மோசமான மதிப்பெண் அன்று, இவரைப் பற்றி எங்களிடம் ஒரு பதிவும் இல்லை என்பதற்கான குறி. ஆனால் கடன் கேட்டு நிற்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

உறவினர் ஒருவர் சொல்லி என்னிடம் வந்தார். வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கிரெடிட் கார்டு வாங்கும்படி சொன்னேன். வருமானச் சான்றோ பழைய வரலாறோ இல்லாதவர்களுக்கு வங்கிகள் தயங்காமல் தரும் அட்டை அது. மூன்று மாதச் சேமிப்பில் 25,000 ரூபாய் வைப்பு போட்டு, 20,000 ரூபாய் வரம்புள்ள அட்டையை வாங்கினார்.

ஊரில் இதைச் சொன்னபோது அப்பா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. "கண்ணு, கடனை அடைக்க வழி தேடச் சொன்னால் நீ கடன் அட்டை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாய்" என்றாராம். அந்தப் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்துக்கும் மேல் போகிறது, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஊர் வட்டிக்காரரின் மூன்று வட்டி அதைவிடக் குறைவு.

நான்கு அட்டைகள் வந்த விதம்

முதல் அட்டையில் கைபேசி ரீசார்ஜ், மளிகை, பஸ் டிக்கெட் என்று மாதம் நான்காயிரம் ரூபாய்க்குள் செலவு செய்து, பில் வந்த மறுநாளே முழுத் தொகையையும் கட்டினார். 2022 மே மாதம் சம்பள வங்கியே 60,000 ரூபாய் வரம்பில் ஓர் அட்டை தந்தது. அந்த நவம்பரில் இணையக் கடை ஒன்றுடன் கூட்டாக வழங்கப்படும் மூன்றாவது அட்டை வந்தது, வரம்பு 1,20,000. மூன்றையும் என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார். நான் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்தாறு மாத இடைவெளி இருந்தது. மொத்த வரம்பு கூடக் கூட, அதே செலவு வரம்பில் சிறு பங்காகத் தெரியும், அது மதிப்பெண்ணுக்கு நல்லது. அட்டைகளின் எண்ணிக்கை மதிப்பெண்ணைக் கெடுப்பதில்லை. ஒரே மாதத்தில் நான்கு இடங்களில் விண்ணப்பித்தால், அவர்கள் நம் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் அந்த விசாரணைகள் கெடுக்கும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பாடங்கள் கிடைத்தன.

2023 ஜூனில் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக மூன்றாவது அட்டையில் செலவு செய்து, 38,400 ரூபாய் பில் வந்தது. கையில் பணம் குறைவு. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 1,920' என்று இருந்ததைப் பார்த்து அதை மட்டும் கட்டினார். அபராதம் இல்லை, மதிப்பெண்ணும் விழவில்லை. ஆனால் அடுத்த பில்லில் வட்டியும் ஜிஎஸ்டியுமாக இரண்டாயிரம் ரூபாயை நெருங்கிய ஒரு தொகை இருந்தது. பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அடுத்த மாதமே முழுதும் அடைத்துவிட்டு, அதன்பின் அந்தக் குறைந்தபட்சத் தொகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றது பில் தேதியைப் பற்றியது. அலுவலகப் பயணத்துக்கான விமான டிக்கெட்டுகளை இவர் அட்டையில் எடுப்பார், நிறுவனம் பிறகு திருப்பித் தரும். ஒரு மாதம் அப்படி 78,000 ரூபாய் ஏறியது. கடைசித் தேதிக்கு முன்பே முழுதும் கட்டியும் மதிப்பெண் 771-இலிருந்து 742-க்கு இறங்கியது. காரணம், அட்டை நிறுவனம் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும் எண் பில்லில் நின்ற பாக்கி. கட்டியது பிறகுதான் போகும். பில் போடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டச் சொன்னேன். அடுத்த மாதம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இது தற்காலிக ஏற்ற இறக்கம்தான். உடனே கடன் வாங்கும் எண்ணம் இல்லாதவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான்காவது அட்டை என்னிடம் கேட்காமல் வந்தது. 2023 பிப்ரவரியில் ஒரு வணிக வளாகத்தின் வாசலில், மேசை போட்டு நின்ற முகவர் ஒருவர், "வாழ்நாள் முழுவதும் கட்டணம் இல்லை" என்று சொல்லி, தன் கையிலிருந்த டேப்லெட்டில் விண்ணப்பத்தை நிரப்பினார். வரம்பு 75,000. இவர் தன் இரண்டாவது சிம் எண்ணைக் கொடுத்தார். விளம்பர அழைப்புகள் முதல் எண்ணுக்கு வரக்கூடாது என்பது காரணம். மின்னஞ்சல் முகவரியை முகவரே தட்டினார். அதில் ஓர் எழுத்து விடுபட்டுப் போனது. முகவரி, அப்போது தங்கியிருந்த வேளச்சேரி மகளிர் விடுதி. அட்டை வந்ததும் பரிசுக் கூப்பனுக்காக 1,140 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கி, பணத்தை உடனே கட்டிவிட்டு, பெட்டிக்குள் போட்டுவிட்டார். சில மாதங்களில் துரைப்பாக்கத்துக்கு விடுதி மாறினார். ஆண்டு இறுதியில் இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினார். அந்த அட்டை நிறுவனத்துக்கும் இவருக்கும் இடையே இருந்த மூன்று கதவுகளும் இப்படி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எதையும் அவர் வேண்டுமென்று மூடவில்லை.

2024 ஜூலை 3

சம்பளம் இப்போது 44,000 ஆகியிருந்தது. கடைசியாக மார்ச்சில் பார்த்தபோது மதிப்பெண் 778. அப்பாவின் கடனை அடைக்க வேளை வந்துவிட்டது என்று முடிவு செய்தோம். கணக்கு தெளிவாக இருந்தது. 3 லட்சம் ரூபாயை 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 10,108 ரூபாய். வெறும் வட்டியாகப் போகும் 9,000 ரூபாயோடு 1,108 ரூபாய் சேர்த்தால் 36 மாதங்களில் அசலும் தீர்ந்துவிடும்.

ஜூலை 3 புதன்கிழமை காலை சம்பள வங்கியின் செயலியில் விண்ணப்பித்தார். சில நிமிடங்களில் மறுப்பு வந்தது. காரணம் சொல்லப்படவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தார்: 641.

மறுநாள் வியாழக்கிழமை. நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். "சார், நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஆண்டு ஒழுங்குக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பது எனக்குப் புரிந்தது.

அறிக்கையில் கண்டது

மதிப்பெண் காட்டும் செயலிகள் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டும். முழு அறிக்கையை இறக்கச் சொன்னேன். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் பலர் அதை இறக்கிப் படிப்பதில்லை. இவரும் அதுவரை படித்ததில்லை.

மூன்று அட்டைகளின் கீழ் எல்லா மாதங்களும் சுத்தமாக இருந்தன. நான்காவதன் கீழ், ஏப்ரல் மாதக் கட்டத்தில் 022, மே மாதக் கட்டத்தில் 053. தவணை தவறிய நாள்களின் எண்ணிக்கை அது.

அந்த அட்டை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, நாற்பது நிமிடக் காத்திருப்புக்குப் பின் கணக்கைப் பெற்றோம். மார்ச் 20 பில்லில் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், ஜிஎஸ்டி 89.82, மொத்தம் 588.82. கட்ட வேண்டிய கடைசித் தேதி ஏப்ரல் 8. முதல் ஆண்டுக்கு மட்டும்தான் கட்டணம் இல்லையாம். அதன்பின் ஏப்ரல், மே, ஜூன் பில் ஒவ்வொன்றிலும் தாமதக் கட்டணம் 500 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 90 ரூபாயும். மொத்தப் பாக்கி 2,358.82. ஓராண்டாக ஒரு பொருளும் வாங்காத அட்டையில் இவ்வளவு.

எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டிருந்தன. தவறிய நாள்களைக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவுக்கு அனுப்பும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் கட்டளை 2024 ஏப்ரல் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்தச் செய்தி உயிரற்ற எண்ணுக்கும், ஓர் எழுத்து குறைந்த முகவரிக்கும் போயிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி: கட்டுவதா, சண்டை போடுவதா? இவர் கட்ட மறுத்தார். "ஏமாற்றி வாங்கிய கட்டணத்தை நான் ஏன் சார் கட்ட வேண்டும்? கட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகாதா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் நான் நாளை எண்ணினேன். ஏப்ரல் 8-இலிருந்து அன்று 87 நாள். குறைந்தபட்சத் தொகை கடைசித் தேதியிலிருந்து 90 நாளுக்குள் வராவிட்டால் கிரெடிட் கார்டுக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். 87 நாள் தாமதத்துக்கும் வாராக்கடன் முத்திரைக்கும் இடையே உள்ள தூரம், நாள் கணக்கில் மூன்று நாள். கடன் கொடுப்பவர் கண்ணில் அது வேறு உலகம். தொகை 5 ரூபாயாக இருந்தாலும் முத்திரை அதேதான். ஆகவே அன்று மாலையே முழுத் தொகையையும் கட்டச் சொன்னேன். எதிர்ப்புடன் கட்டுவதாகவும், கட்டணத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்றும் அதே நாளில் எழுதி அனுப்பச் செய்தேன். பணம் கட்டிய பிறகும் புகார் செய்யும் உரிமை போவதில்லை. 90 நாள் கடந்த பிறகு வென்றாலும், இடையில் விழுந்த மாதங்களின் சேதம் தானாக ஆறாது.

அடுத்து, அப்பாவின் கடன். மதிப்பெண் 641-ஐப் பார்த்தும் கடன் தர ஒரு நிதி நிறுவனம் முன்வந்தது: 22 சதவீத வட்டி, மாதத் தவணை 11,457 ரூபாய். முதலில் நான் வேண்டாம், ஆறு மாதம் பொறுக்கலாம் என்றேன். இவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் ஊரில் 9,000 ரூபாய் வட்டி. 22 சதவீதக் கடனிலும் முதல் மாத வட்டி 5,500 ரூபாய்தான். பொறுப்பதும் செலவுதான் என்பதை அவர் சரியாகப் பிடித்தார், நான் பிடிக்கவில்லை.

ஆனால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று வீட்டிலேயே இருந்தது. அம்மாவிடம் ஆறு சவரன் நகை. நகைக்கடனுக்கு ஈடு தங்கம்தான், மதிப்பெண் அதில் முடிவைத் தீர்மானிப்பதில்லை. தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதம் வரை என்ற அன்றைய எல்லைக்குள் 2 லட்சம் ரூபாய் தாராளமாகக் கிடைக்கும், வட்டி ஒன்பதரை சதவீதம். அம்மாவுக்கு நகையை அடகு வைப்பது மானப் பிரச்சினையாக இருந்தது. திருமணத்துக்கு நிற்கும் பெண்ணின் வீட்டில் நகை வங்கியில் இருக்கிறது என்று ஊர் பேசும் என்று தயங்கினார். அப்பாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஜூலை 22 அன்று 2 லட்சம் அடைக்கப்பட்டது. ஊர் வட்டி 9,000-இலிருந்து 3,000 ஆனது. நகைக்கடனுக்கு வட்டி மாதம் சுமார் 1,583 ரூபாய். ஆக வட்டிச் சுமை பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது, எந்த அட்டையை வைப்பது, எதை மூடுவது. கோபத்தில் நான்கையும் வெட்டிப் போடத் தயாராக இருந்தார். முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை, வரலாற்றில் மூத்தது அதுதான், இருக்கட்டும் என்றேன். இரண்டாவதும் மூன்றாவதும் பயன்பாட்டில் இருந்தன. நான்காவதை மூடினால் மொத்த வரம்பு 2,75,000-இலிருந்து 2,00,000 ஆகும். வழக்கமான மாதச் செலவு 40,000 ரூபாயைத் தாண்டாததால் பயன்பாடு 20 சதவீதத்தில் நிற்கும், அதனால் பாதகமில்லை. பணம் கட்டியதும் மூடுமாறு எழுதினார். பாக்கி இல்லாத அட்டையை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022 முதல் இருக்கும் விதி. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதியதால், ஆறாவது வேலை நாளில் மூடிவிட்டதாகக் கடிதம் வந்தது.

புகாரின் பாதை

ஜூலை 5 அன்று அட்டை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய புகாரில் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கச் சொன்னேன். நீண்ட புலம்பல் கடிதங்களை நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ படித்திருக்கிறேன். அவற்றில் கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார்.

ஒன்று, ஆண்டுக் கட்டணத்துக்கு இவர் வெளிப்படையாக ஒப்புதல் தந்ததற்கான ஆவணம் எங்கே? அட்டை தரும்போது தெளிவாகச் சொல்லாத கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்து மூடும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது. 2024 மார்ச்சில் ஓராண்டு கடந்துவிட்ட நிலையில் அது ஏன் நடக்கவில்லை, அதற்கு மாறாகக் கட்டணம் ஏன் போடப்பட்டது? மூன்று, தவறியவர் என்று பதிவுக்கு அனுப்பும் முன் தெரிவித்ததற்குச் சான்று என்ன?

ஆகஸ்ட்டில் இரண்டு செய்திகள் வந்தன. மதிப்பெண் 641-இலிருந்து மேலும் சரிந்து 624 ஆகியிருந்தது. பணம் கட்டிய பிறகு விழுந்ததால் இவர் மிகவும் உடைந்துபோனார். ஜூன் மாத இறுதி நிலவரமான 083, ஜூலையில்தான் பதிவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கட்டியது ஜூலை 4, ஆகவே ஜூன் கட்டத்தை அது தொட முடியாது. இந்தப் பின்தங்கலை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மற்றது அட்டை நிறுவனத்தின் பதில். நல்லெண்ண அடிப்படையில் 2,358.82 ரூபாயையும் திருப்பித் தருகிறோம், ஆனால் பதிவுகள் உண்மை நிலவரப்படியே அனுப்பப்பட்டன, திருத்த இயலாது என்று எழுதியிருந்தார்கள். பணம் திரும்பியதில் வீட்டில் மகிழ்ச்சி. எனக்கு மகிழ்ச்சி இல்லை. கட்டணம் தவறு என்று திருப்பித் தந்தால், அந்தக் கட்டணத்தைக் கட்டாதது எப்படித் தவறாகும்? அந்த ஒரு வாக்கியத்தை மையமாக வைத்து, ரிசர்வ் வங்கியின் 2021 ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் புகார் பதிவு செய்தோம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பில்கள், எதிர்ப்புடன் கட்டியதற்கான கடிதம், நிறுவனத்தின் பதில், கடன் அறிக்கை ஆகிய நான்கும் இணைக்கப்பட்டன.

நவம்பரில் சமரசமாக முடிந்தது. முகவர் நிரப்பிய விண்ணப்பத்தின் நகலை நிறுவனம் சமர்ப்பித்தது. கட்டண விவரம் இருந்த பக்கத்துக்கான ஒப்புதல் கட்டம், விண்ணப்பம் திறந்ததும் தானாகவே நிரம்பியிருக்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. மூன்று மாதப் பதிவுகளையும் திருத்தி அனுப்ப அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு நடந்தவை

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். வங்கிகள் நான்குக்கும் தகவல் அனுப்ப வேண்டும். எந்த வங்கி எதைப் பார்க்கும் என்று நமக்குத் தெரியாது. எனவே டிசம்பர் இறுதியில் நான்கு அறிக்கைகளையும் இறக்கினோம். மூன்றில் திருத்தம் ஏறியிருந்தது. ஒன்றில் மட்டும் மே மாதத்தின் 053 அப்படியே இருந்தது. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்திடம் நேரடியாக ஆட்சேபம் பதிவு செய்ததும் 24 நாளில் நீங்கியது.

மதிப்பெண் 2024 டிசம்பரில் 688, 2025 பிப்ரவரியில் 759. மார்ச்சில் சம்பள வங்கியிடமே மீண்டும் விண்ணப்பித்தார். மீதியிருந்த 1 லட்சம் ரூபாய்க்கு 13 சதவீத வட்டி, 24 மாதம், தவணை 4,754 ரூபாய். அந்த வாரமே அப்பா ஊரில் கணக்கை முடித்து, கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த வெற்றுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கினார். ஐந்தேகால் ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டார் ஊரில் யாருக்கும் மாத வட்டி கொடுக்க வேண்டியதில்லை என்ற மாதம் 2025 ஏப்ரல். நகைக்கடன் பாதி அடைந்திருக்கிறது.

இந்த எட்டு மாதத் தாமதத்தின் விலையையும் எழுதிவைக்க வேண்டும். மீதி 1 லட்சத்துக்கு ஆகஸ்ட் முதல் மார்ச் வரை ஊருக்குப் போன வட்டி 24,000 ரூபாய். 589 ரூபாய்க் கட்டணம் ஒன்றின் பின்விளைவு அது. அந்தத் தொகையை யாரும் திருப்பித் தரவில்லை.

மாற வேண்டியவை

இவர் பக்கத்தில் நடந்த தவறு, ஓர் அட்டைக்குத் தனி எண்ணையும் தனி முகவரியையும் கொடுத்தது. பயன்படுத்தாத அட்டை ஓய்ந்திருப்பதாக நினைத்ததும் தவறுதான். கடன் வரலாற்றின் கணக்கில் ஒவ்வோர் அட்டையும் ஒரு தனிக் கடன். தொடாவிட்டாலும் அதற்குப் பில் தேதி உண்டு, கட்டணத் தேதி உண்டு. இப்போது மூன்று அட்டைகளும் ஒரே எண்ணில், ஒரே மின்னஞ்சலில் இருக்கின்றன. பில் தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தி, மூன்றின் கடைசித் தேதிகளையும் சம்பளம் வரும் வாரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். முழுப் பில் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்திருக்கிறார். குறைந்தபட்சத் தொகை கழியும்படி செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், அது கூடாது.

என் பக்கத்தில் நடந்தது, கேட்காத ஒரு கேள்வி. மூன்று ஆண்டுகளில் பலமுறை சந்தித்தோம். மதிப்பெண் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். அறிக்கையில் எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்காவது அட்டை 2023-லேயே தெரிந்திருக்கும். இப்போது யார் வந்தாலும் முதலில் முழு அறிக்கையைத்தான் பார்க்கிறேன். மதிப்பெண்ணைக் கடைசியில் கேட்கிறேன். கடன் வாங்கும் திட்டம் இருப்பவரை, விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே நான்கு அறிக்கைகளையும் எடுக்கச் சொல்கிறேன். பழுது இருந்தால் திருத்துவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறை, 15-ஆம் தேதி நிலவரத்தையும் மாத இறுதி நிலவரத்தையும் பதிவுக்கு அனுப்பத் தொடங்கின. இதனால் நல்லதும் கெட்டதும் முன்பைவிட வேகமாக ஏறும். 22 நாள் தவறியதை மாதக் கடைசியில் பார்த்துத் திடுக்கிடும் நிலை, இனி ஏழாம் நாளிலேயே வரலாம்.

அட்டை விற்கும் நிறுவனங்களுக்கு ஒன்று. டேப்லெட்டில் முன்பே நிரப்பிய ஒப்புதல் கட்டம் ஒப்புதல் ஆகாது. கட்டணத் தொகையையும் அது தொடங்கும் மாதத்தையும் விண்ணப்பிப்பவர் தன் கையாலேயே தட்டும்படி வைத்தால் இந்தப் புகார்களில் பெரும்பங்கு எழாது. கணக்கில் ஓராண்டாக ஒரு வாங்கலும் இல்லை, குறுஞ்செய்தி போய்ச் சேரவில்லை, மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. இந்த மூன்றும் ஒரே கணக்கில் தெரியும்போது, தாமதக் கட்டணம் போடும் முன் ஒருமுறை தபாலில் எழுதிப் பார்க்கலாம். அந்தப் பெண்ணின் ஊர் முகவரி அடையாளச் சான்றின் நகலில் அவர்களிடமே இருந்தது.